அணுக்கருவுக்கு வயதாவதில்லை: கதிரியக்கச் சிதைவின்போது உள்ளே நடப்பது என்ன?

2022 மே மாதம் மயிலாடும்பாறை அகழாய்வின் முடிவை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் இரும்புப் பொருட்கள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை போகிறது, அதாவது தமிழ்நாட்டில் இரும்பைப் பயன்படுத்தி ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் ஆகின்றன என்பது அன்றைய செய்தி. அன்றிலிருந்து, கதிரியக்கத்தை வைத்துப் பழம்பொருளின் காலத்தைக் கணிக்கும் கார்பன் டேட்டிங் என்ற பேச்சு நம் பக்கத்து டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கூடவே என்னென்னவோ சேர்ந்து வந்தன. இரும்பை ஒரு மெஷினில் வைத்தால் வயதைக் காட்டிவிடும் என்றார் ஒருவர். கதிரியக்கப் பொருள் கற்பூரம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும் என்றார் இன்னொருவர். அரை ஆயுள் இரண்டு முறை கழிந்தால் முழு ஆயுள் முடிந்தது என்று ஒரு கணக்கும் உண்டு. கிரானைட் பட்டறைப் பக்கம் போனால், அந்தத் தரையில் நடந்தால் கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளும் என்கிற பயம்.

இத்தனை குழப்பமும் ஒரே இடத்தில் தொடங்குகிறது. கதிரியக்கம் என்றால் ஒரு பொருள் முழுவதும் மெதுவாகக் கெட்டுப்போவது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எந்த அணுவும் மெதுவாகக் கெடுவதில்லை. ஒரு நொடி வரை முழுசாக, புத்தம் புதிதாக இருக்கும் அணுக்கரு, அடுத்த நொடி வேறொரு அணுக்கருவாக இருக்கிறது. நடுவில் அரைகுறை நிலை எதுவும் கிடையாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அணுவின் நடுவில் இருப்பது

அணுவின் நடுவில் அணுக்கரு, அதைச் சுற்றி எலக்ட்ரான்கள். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். அளவுதான் மறந்துபோகிறது. அணுக்கருவின் குறுக்களவு அணுவின் குறுக்களவில் லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அந்தத் துளிக்குள்தான் அணுவின் எடையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கிறது.

அணுக்கருவுக்குள் இரண்டு வகைத் துகள்கள்: நேர் மின்சுமை கொண்ட புரோட்டான், மின்சுமை இல்லாத நியூட்ரான். ஓர் அணு எந்தத் தனிமம் என்பதைத் தீர்மானிப்பது புரோட்டான் எண்ணிக்கை ஒன்றுதான். 6 இருந்தால் கார்பன், 7 இருந்தால் நைட்ரஜன், 92 இருந்தால் யுரேனியம். நியூட்ரான் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் தனிமத்தின் பெயர் மாறாது. புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் உள்ள அணுக்களை ஒரே தனிமத்தின் ஐசோடோப்புகள் என்கிறோம். நம் கரியில் பெரும்பகுதி கார்பன்-12, அதாவது 6 புரோட்டானும் 6 நியூட்ரானும். மிகச் சிறிய அளவில் கார்பன்-14 உண்டு. அதில் 6 புரோட்டான், 8 நியூட்ரான். பெயருக்குப் பின்னால் வரும் எண் இரண்டின் கூட்டுத்தொகை.

வேதியியல் எல்லாம் வெளியே உள்ள எலக்ட்ரான்களின் வேலை. எரிவதும் துருப்பிடிப்பதும் சமையலும் அவற்றின் கணக்கில் சேரும். கதிரியக்கம் உள்ளே இருக்கும் கருவின் வேலை. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

இழுக்கும் விசையும் தள்ளும் விசையும்

நேர் மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். அப்படியானால் இவ்வளவு சின்ன இடத்தில் நெருங்கி இருக்கும் புரோட்டான்கள் ஏன் சிதறி ஓடவில்லை? தள்ளும் மின்விசையைவிட வலிமையான இன்னொரு விசை அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை வலிய அணுக்கரு விசை என்பார்கள். புரோட்டான், நியூட்ரான் இரண்டையும் அது ஒரே மாதிரி இழுக்கும். ஆனால் அதன் கை நீளம் மிகக் குறைவு. பக்கத்தில் உள்ள ஓரிரு துகள்களைத் தாண்டி எட்டாது. தள்ளும் மின்விசைக்கோ அந்த வரம்பு இல்லை. கருவின் இந்தக் கோடியில் உள்ள புரோட்டான் அந்தக் கோடியில் உள்ளதையும் தள்ளும்.

கரு சிறியதாக இருக்கும்வரை இழுப்பு எளிதில் வெல்கிறது. பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு புரோட்டானும் மற்ற எல்லாப் புரோட்டான்களாலும் தள்ளப்படுகிறது. இழுப்பதற்கோ பக்கத்தில் உள்ள சில துகள்கள் மட்டும். நியூட்ரான்கள் தள்ளாமல் இழுக்க மட்டும் செய்வதால் பெரிய கருக்களுக்கு அவை கூடுதலாகத் தேவைப்படுகின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு. 82 புரோட்டான் கொண்ட காரீயத்துக்கு மேலே முழுக்க நிலையான தனிமம் ஒன்றுகூட இல்லை.

சரி, நியூட்ரானை அள்ளிப் போட்டுக்கொண்டே போனால் என்ன? அதுவும் நடக்காது. நியூட்ரான் அளவுக்கு மிஞ்சினாலும் கரு நிலைகுலையும். கார்பன்-14 அந்த வகைதான். 6 புரோட்டானுக்கு 8 நியூட்ரான் அதிகம். இயற்கையில் கண்டதும் ஆய்வகத்தில் உருவாக்கியதுமாக 3,000-க்கும் மேற்பட்ட அணுக்கரு வகைகள் தெரிந்திருக்கின்றன. அவற்றில் நிலையானவை சுமார் 250 மட்டுமே.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கருவுக்குள் இழுப்பும் தள்ளலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. புரோட்டானும் நியூட்ரானும் பொருத்தமான அளவில் இருந்தால் கரு நிலைத்திருக்கும். இல்லாவிட்டால், இன்னும் குறைந்த ஆற்றல் உள்ள ஓர் அமைப்புக்கு அது ஒருநாள் மாறும். அந்த மாற்றத்தின் பெயர்தான் கதிரியக்கச் சிதைவு.

கரு மாறும் மூன்று வழிகள்

1896-இல் ஹென்றி பெக்கரல் யுரேனிய உப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வெளிவருவதைக் கண்டார். அது ஒன்றல்ல, பல என்பதை ரூதர்ஃபோர்டும் மற்றவர்களும் அடுத்த சில ஆண்டுகளில் பிரித்துக் காட்டி, கிரேக்க எழுத்துகளான ஆல்பா, பீட்டா, காமா என்று பெயர் வைத்தார்கள். என்னவென்று தெரியாத காலத்தில் வைத்த பெயர்கள். இன்றும் அப்படியே இருக்கின்றன.

முதலில் ஆல்பா. மிகப் பெரிய கரு ஒன்று 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்த ஒரு பொட்டலத்தை வெளியே வீசுகிறது. அந்தப் பொட்டலமும் ஹீலியத்தின் கருவும் ஒன்றே. யுரேனியம்-238 ஆல்பாவை வீசியதும் அதன் புரோட்டான் 92-லிருந்து 90 ஆகிறது. 90 என்றால் தோரியம். ஆக, யுரேனியம் அந்தக் கணமே தோரியம்-234 ஆகிவிட்டது. அந்தப் பொட்டலம் கருவின் பிடியை மீறி வெளியே வரப் போதுமான ஆற்றல் பழைய இயற்பியல் கணக்குப்படி அதற்குக் கிடையாது. ஆனாலும் வருகிறது. குவாண்டம் விதிகளின்படி, கடக்கவே முடியாத தடைக்கு அப்பாலும் அது தென்படுவதற்கு ஒரு சின்ன வாய்ப்பு உண்டு என்று 1928-இல் ஜார்ஜ் காமோவ் விளக்கினார். அந்த வாய்ப்பு எவ்வளவு சின்னது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கரு நொடியில் மாறுமா, கோடிக்கணக்கான ஆண்டு கழித்து மாறுமா என்பது அமைகிறது.

அடுத்தது பீட்டா. மயிலாடும்பாறையில் காலம் கணிக்க உதவிய கரியில் நடந்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இதில் கருவிலிருந்து எந்தப் பொட்டலமும் பிய்ந்து போவதில்லை. உள்ளே இருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. கார்பன்-14-இல் 6 புரோட்டான், 8 நியூட்ரான் இருந்தது அல்லவா? ஒரு நியூட்ரான் மாறியதும் 7 புரோட்டான், 7 நியூட்ரான். 7 புரோட்டான் என்றால் நைட்ரஜன். கார்பனாக இருந்தது நைட்ரஜன்-14 ஆகிவிட்டது, அதுவும் முழுக்க நிலையான, நாம் மூச்சில் இழுக்கும் அதே வகை நைட்ரஜன். மின்சுமைக் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதால் அதே கணத்தில் ஓர் எலக்ட்ரான் பிறந்து வெளியே பாய்கிறது. அந்த எலக்ட்ரான்தான் பீட்டா கதிர்.

பலரும் இடறுவது இந்த இடத்தில்தான். அந்த எலக்ட்ரான் கருவுக்குள் ஒளிந்திருந்து வெளியே வந்ததல்ல. அணுவைச் சுற்றி வரும் எலக்ட்ரான்களில் ஒன்றும் அல்ல. அதற்கு முந்தைய நொடி வரை அப்படி ஒரு துகளே இல்லை. மாற்றம் நடக்கும்போது புதிதாக உண்டாகிறது. அதோடு இன்னொரு துகளும் பிறக்கிறது. வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக இருந்ததால், மிச்ச ஆற்றல் எங்கே போகிறது என்று 1920-களில் இயற்பியலாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கண்ணில் படாத ஒரு துகள் அதை எடுத்துக்கொண்டு போகிறது என்று 1930-இல் வுல்ஃப்காங் பௌலி ஊகித்தார். ஊகம் மெய்யாகி, நியூட்ரினோ வகைத் துகள் கருவியில் சிக்கியது 1956-இல்.

மூன்றாவது காமா. இதில் புரோட்டானும் மாறுவதில்லை, நியூட்ரானும் மாறுவதில்லை. ஆல்பாவோ பீட்டாவோ வெளியேறிய பிறகு புதிய கரு சில நேரம் மிகுதியான ஆற்றலோடு இருக்கும். அந்த மிச்சத்தை ஒளி வகைக் கதிராக வீசிவிட்டு அமைதியடையும். புற்றுநோய் சிகிச்சையில் பயன்படும் கோபால்ட்-60 முதலில் பீட்டா சிதைவால் நிக்கல்-60 ஆகிறது. சிகிச்சைக்கு உதவும் காமா கதிர்களை வீசுவது அந்த நிக்கல் கரு.

மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. சிதைவுக்குப் பிறகு கிடைக்கும் எல்லாவற்றின் நிறையையும் கூட்டினால், தொடக்கத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். குறைந்த நிறைதான் வெளிவரும் துகள்களின் வேகமாகவும் கதிரின் ஆற்றலாகவும் தெரிகிறது. பொருள் கரைந்து போவதில்லை. கிட்டத்தட்ட எல்லாமே வேறு தனிமமாக அங்கேயே இருக்கிறது.

எப்போது மாறும்? புளியங்கொட்டைக் கணக்கு

ஒரு கருவை எடுத்து வைத்துக்கொண்டு, இது எப்போது சிதையும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கருவி போதாமல் அல்ல. சொல்வதற்கான அடையாளம் எதுவும் அந்தக் கருவுக்குள்ளேயே இல்லை.

புளிக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. தாயம் ஆட ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டை 64 எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை விழவும் கறுப்பு விழவும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை விழுந்தவற்றை எடுத்து ஓரமாக வையுங்கள். ஏறத்தாழ 32 மிஞ்சும். மிஞ்சியதை மறுபடி போட்டால் 16-ஐ ஒட்டி. பிறகு 8, பிறகு 4. முதல் தடவையில் பாதி போனதால் இரண்டாவது தடவையில் மீதிப் பாதியும் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் இருப்பதில்தான் பாதி போகிறது. பாதி கருக்கள் சிதைய ஆகும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். இரண்டு அரை ஆயுள் கழிந்தால் கால் பங்கு மிஞ்சும், மூன்று கழிந்தால் அரைக்கால் பங்கு.

இன்னொன்றும் இந்த விளையாட்டில் தெரியும். ஐந்து முறை போட்டும் கறுப்பாகவே விழுந்த கொட்டை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அது வெள்ளை விழும் வாய்ப்பு கூடியிருக்கிறதா? இல்லை, அதே பாதிதான். தான் எத்தனை முறை தப்பியது என்பது கொட்டைக்குத் தெரியாது. அணுக்கருவும் அப்படியே. பத்தாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்த கார்பன்-14 கருவும் நேற்று உருவான கார்பன்-14 கருவும் எல்லா வகையிலும் ஒன்று. இரண்டும் நாளைக்குச் சிதையும் வாய்ப்பு சமம். ஒரு கரு மூப்படைந்து சாவதில்லை.

எடுத்துக்காட்டு ஒரு இடத்தில் உதைக்கும். கொட்டையை ஒரு கை குலுக்குகிறது. கை எப்படி அசைந்தது என்று துல்லியமாகத் தெரிந்தால் விழுவதையும் கணித்துவிடலாம். கருவை யாரும் குலுக்குவதில்லை. அங்கே தற்செயல் என்பது இயற்கையின் அடிப்படையிலேயே இருக்கிறது.

64 கொட்டையில் 32 என்பது சில நேரம் 28 ஆகும், சில நேரம் 35 ஆகும். எண்ணிக்கை கூடக்கூட இந்தத் தள்ளாட்டம் அடங்கிவிடும். உயிரோடு உள்ள மரத்தின் 1 கிராம் கார்பனில் சுமார் 6,000 கோடி கார்பன்-14 அணுக்கள் உண்டு. அதில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 மட்டுமே சிதைகின்றன. எது என்று தெரியாவிட்டாலும் எத்தனை என்பது உறுதியாகத் தெரியும். தனி ஒன்று கணிக்க முடியாதது, கூட்டம் கணக்குக்கு அடங்கியது. காலம் அளக்க இதுவே போதும்.

கரித்துண்டு சொன்ன காலம்

வானத்தின் மேலடுக்கில், விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மோதி நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவை காற்றில் உள்ள நைட்ரஜனைத் தாக்கும்போது கார்பன்-14 உண்டாகிறது. செடி காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது, ஆடு செடியைத் தின்கிறது. உயிரோடு இருக்கும்வரை சிதைந்ததற்கு ஈடாகப் புதியது வந்துகொண்டே இருக்கும். விகிதம் சுமார் லட்சம் கோடி கார்பன் அணுவுக்கு ஒன்று. உயிர் போனதும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் தொடரும். கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் வரவு எப்போது நின்றது என்று தெரியும். 1940-களின் இறுதியில் இந்த முறையை உருவாக்கிய வில்லார்டு லிபிக்கு 1960-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

4,200 ஆண்டு என்பது ஓர் அரை ஆயுளைவிடக் குறைவு. எனவே தொடக்கத்தில் இருந்த கார்பன்-14-இல் ஏறத்தாழ 60 விழுக்காடு இன்னும் மிஞ்சியிருக்கும். மயிலாடும்பாறையில் காலம் கணித்தது இரும்பை வைத்து அல்ல, அதே மண்ணடுக்கில் கிடைத்த கரியை வைத்து. அதுவும் சிதைவு ஒவ்வொன்றாக நிகழக் காத்திருக்காமல், மிஞ்சிய கார்பன்-14 அணுக்களையே முடுக்கி வகைக் கருவியால் எண்ணும் முறை அது. சில மில்லிகிராம் கரி போதும்.

இரண்டு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். காற்றில் கார்பன்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை, அதனால் மர வளையங்களோடு ஒப்பிட்டுக் கணக்கைத் திருத்துகிறார்கள். அடுத்து, கரி சொல்வது அந்த மரம் வளர்ந்த காலத்தை, அடுப்பு எரிந்த நாளை அல்ல. முதிர்ந்த மரத்தின் வைரப் பகுதியை எரித்திருந்தால் கணக்கு சில பத்து அல்லது சில நூறு ஆண்டு முன்னே போகலாம். அகழாய்வாளர்கள் மண்ணடுக்கையும் கூடக் கிடைத்த பொருட்களையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

பாறைக்கு வேறு கணக்கு

சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் கார்பன்-14 உதவாது. அளக்கும்படி மிச்சம் இருக்காது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பாறைகளுக்கோ வயது 250 கோடி ஆண்டுகள். அதைச் சொன்னது பாறைக்குள் உள்ள சிர்க்கான் என்ற சிறு படிகங்களில் அடைபட்ட யுரேனியம். யுரேனியம்-238-இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டு. அது ஒரே தாவலில் ஓய்வதில்லை. தோரியமாகி, ரேடியமாகி, ரேடான் வாயுவாகி, 8 ஆல்பாவும் 6 பீட்டாவும் வீசிய பிறகு காரீயம்-206-இல் வந்து நிற்கிறது. படிகத்துக்குள் எவ்வளவு யுரேனியம், எவ்வளவு காரீயம் என்று அளந்தால் படிகம் உறைந்த காலம் கிடைக்கும்.

பாறையில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ராகிக் களியிலும் மாம்பழத்திலும் பொட்டாசியம் உண்டு. எந்தப் பொட்டாசியத்திலும் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40 உண்டு. அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. பெரியவர் ஒருவரின் உடலுக்குள் ஒவ்வொரு நொடியும் 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 கருக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை கால்சியமாகின்றன; பத்தில் ஒன்று போல ஆர்கான் ஆகிறது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்ள ஆர்கானில் ஏறக்குறைய எல்லாமே இப்படிப் பாறைப் பொட்டாசியத்திலிருந்து வந்ததுதான்.

தொற்றுமா, ஒட்டுமா?

தீயில் போட்டாலும் அமிலத்தில் கரைத்தாலும் பொடியாக அரைத்தாலும் சிதைவின் வேகம் கூடாது, குறையாது. நெருப்பின் ஆற்றல் எலக்ட்ரான்களை அசைக்கும் அளவுக்குத்தான் வரும். கருவை அசைக்க அதைப் போல் லட்சக்கணக்கான மடங்கு வேண்டும். மயிலாடும்பாறை மரம் எரிந்து கரியானபோதும் அதன் கார்பன்-14 கருக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கதிர் பட்ட பொருள் தானும் கதிரியக்கப் பொருளாக மாறிவிடும் என்பது இன்னொரு பயம். 2007 முதல் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போகும் மாம்பழங்களில் பூச்சியைத் தடுக்கக் காமா கதிர் செலுத்துகிறார்கள். அந்தக் கதிர் பூச்சியின் செல்களைச் சிதைக்கும், மாம்பழத்தின் கருக்களைத் தொடாது. பழம் கதிரியக்கம் பெறுவதில்லை. நியூட்ரான் மழை பொழியும் அணு உலைக்குள் வைத்தால் கதை வேறு. அதேபோல், கதிரியக்கத் தூசி உடம்பிலோ உணவிலோ ஒட்டிக்கொள்வதும் வேறு. அப்போது சிதையும் அணுக்களே நம்மோடு வருகின்றன, ஆபத்து உண்மையானது. கதிர் படுவதும் தூசி படுவதும் ஒன்றல்ல. செய்திகளில் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள்.

கிரானைட்டுக்கு வருவோம். பொதுவாக ஒரு டன் கிரானைட்டில் யுரேனியம் சில கிராம் இருக்கும். அது வீசும் ஆல்பாவில் பெரும்பகுதி கல்லுக்குள்ளேயே நின்றுவிடும். வெளியே வருவதையும் நம் தோலின் மேல்படலம் தடுத்துவிடும். தரையில் நடப்பதால் காலில் எதுவும் ஒட்டாது. கவனிக்க வேண்டியது, யுரேனியம் படிப்படியாகக் காரீயமாகும் சங்கிலியின் நடுவில் வரும் ரேடான். அது வாயு என்பதால் கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் கசிந்து வரும். அரை ஆயுள் சுமார் 3.8 நாள். மூச்சோடு உள்ளே போய் நுரையீரலுக்குள் சிதைந்தால் அங்கே ஆல்பாவைத் தடுக்கத் தடித்த தோல் இல்லை. குளிருக்காக வீட்டை இறுக்கி அடைத்தே வைக்கும் நாடுகளில் இதை அளந்து பார்க்கிறார்கள். நம் வீடுகளில் ஜன்னல் திறந்திருந்தாலே பெரும்பாலும் வெளியேறிவிடும்.